777 கொடுத்தும் டிஎன்எஸ் ஏன் எழுத மறுக்கிறது?

கேள்வி: மதுரை மேலூர் ரோட்டில் ஒரு கல்லூரியில் சிஸ்டம் அட்மினாக வேலை பார்க்கிறேன் சார். சித்திரை, ஆவணி, மாசி, வெளி என்று நான்கு கம்ப்யூட்டர் லேப். மெஷின் பெயர்களை இதுவரை டிஎன்எஸ் (பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும்) சர்வரில் நாங்களே கையால் எழுதிவந்தோம். டிஹெச்சிபி (மெஷின்களுக்கு ஐபி வழங்கும் சர்வர்) ஐபி கொடுக்கும்போதே பெயரும் தானாகப் பதிவாகும்படி இப்போது மாற்றினேன். ஐபி வருகிறது, பெயர் பதிவாகவில்லை. என்எஸ்அப்டேட் (டிஎன்எஸ் பதிவை மாற்றச் சொல்லும் கமாண்ட்) போட்டுப் பார்த்தால் ‘சர்வ்ஃபெயில்’, அதாவது சர்வரால் முடியவில்லை. பெயர்ப் பதிவுகளை வைத்திருக்கும் ஸோன் ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்கு மொத்தமாக 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்தேன், பலனில்லை. பைண்ட் (எங்கள் டிஎன்எஸ் சர்வர் புரோகிராம்) யூசராகவே அதே ஃபோல்டரில் ஒரு ஃபைலை உருவாக்கிப் பார்த்தேன், உருவாகிறது. சர்வர் மட்டும் முடியாது என்கிறது! கடைசியில் ஆப்ஆர்மரை (புரோகிராம்களைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் பாதுகாப்பு) நிறுத்தினேன், உடனே பெயர்கள் பதிய ஆரம்பித்தன. “வேலை நடக்குதுல்ல, அப்படியே விடுப்பா” என்கிறார் சீனியர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதன் பிறகும் மாசி லேபில் சில மெஷின்கள் பதிவாகவே இல்லை. கரன்ட் போய் வந்த மறுநாள் நான்கு லேபும் மொத்தமாக நின்றுவிடுகிறது. லாக்கில் ‘அப்டேட் டினைடு’ என்று வரிசையாகக் கொட்டுவதால், எல்லாருக்கும் அனுமதி திறந்துவிடலாமா என்றும் யோசிக்கிறோம். செமஸ்டர் ப்ராக்டிக்கல் நெருங்குகிறது. டிஎன்எஸ் சர்வர் உபுண்டு 22.04, பைண்ட் 9.18. டிஹெச்சிபி, கீழ்த்தளத்தில் ஒரு பழைய மெஷினில் ஐஎஸ்சி டிஹெச்சிபி.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் மனசு ஒப்பாதது சரிதான். சீனியரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: ஆப்ஆர்மரை நிறுத்தி வைத்திருப்பதும் வேண்டாம், எல்லாருக்கும் அனுமதி திறப்பதும் வேண்டாம். இரண்டும் இல்லாமலே இது ஒழுங்காக ஓடும். ப்ராக்டிக்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிடைத்தால் போதும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது கல்லூரி. உங்கள் சர்வரிடம் கேட்பது எல்லாம் கற்றுக்கொள்ளும் துடிப்புள்ள பிள்ளைகளின் மெஷின்கள். டிஎன்எஸ் அப்டேட்டை எல்லாருக்கும் திறந்துவிட்டால், லேபில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவர் நான்கு வரி என்எஸ்அப்டேட்டில் தேர்வு சர்வரின் பெயரைத் தன் மெஷினின் ஐபிக்குத் திருப்பிவிட முடியும். அங்கே அதே மாதிரி ஒரு லாகின் பக்கத்தைப் போட்டு வைத்தால், மற்றவர்களின் பாஸ்வேர்டு எல்லாம் அவர் மெஷினில் வந்து விழும். அவர் விளையாட்டாகச் செய்திருந்தாலும் பழி உங்கள் தலையில்தான்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டதால்தான் நீங்கள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் குறைந்தது மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ‘டினைடு’ வெள்ளம் நான்காவது, ஆனால் அது கோளாறே இல்லை.

ஒரு டிஎன்எஸ் அப்டேட் உள்ளே போய் ரெக்கார்டாக உட்கார மூன்று அனுமதி வேண்டும். கேட்பவர் யார், அவருக்குக் கேட்க உரிமை உண்டா என்று பைண்ட் பார்ப்பது முதல் அனுமதி. டி-சிக் கீ (அப்டேட்டில் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி), அப்டேட்-பாலிசி (எந்தக் கீ எதை மாற்றலாம் என்ற விதி) எல்லாம் இங்கே. பைண்டை ஓட்டும் யூசருக்கு அந்த இடத்தில் எழுத லினக்ஸ் பர்மிஷன் இருக்கிறதா என்பது இரண்டாவது. அந்தப் புரோகிராமுக்கே அந்த இடத்தில் எழுத ஆப்ஆர்மர் ஒப்புதல் தருகிறதா என்பது மூன்றாவது. எது தடுக்கிறது என்பதை என்எஸ்அப்டேட்டுக்கு வரும் பதிலே பாதி சொல்லிவிடும். ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் பாலிசி ஒத்துக்கொள்ளவில்லை. ‘நாட்ஆத்’ என்று வந்து கூடவே ‘பேட்கீ’, ‘பேட்சிக்’, ‘பேட்டைம்’ என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் கையெழுத்தில் தகராறு: கீயின் பெயர் தவறு, கீயின் ரகசியம் தவறு, அல்லது கடிகாரம் தவறு. உங்களுக்கு வந்தது ‘சர்வ்ஃபெயில்’. கீ சரி, பாலிசி சரி, உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டார்கள், எழுதப் போன இடத்தில்தான் கை நின்றது என்று அர்த்தம். ஆகவே கான்ஃபிகில் கீயை மாற்றி மாற்றிப் பார்த்திருந்தால் அந்த வேலைக்குத் தேவையே இருந்திருக்காது.

மீதிப் பாதியைச் சர்வர் லாக் சொல்லும். ஜர்னல்சிடிஎல்லில் நேம்டு (பைண்ட் இந்தப் பெயரில்தான் ஓடும்) சர்வீஸின் லாக்கைத் திறந்து, ஒரு அப்டேட் அனுப்பிவிட்டுப் பாருங்கள். ‘அப்டேட்டிங் ஸோன், ஆடிங் ஆன் ஆர்ஆர்’ என்று நல்லபடியாக ஆரம்பித்து, அடுத்த வரியில் உங்கள் ஸோன் ஃபைலின் பெயரோடு ‘.ஜேஎன்எல்’ சேர்ந்து ‘கிரியேட்: பர்மிஷன் டினைடு’ என்றும், அதற்கடுத்து ‘ஜர்னல் ஓப்பன் ஃபெயில்டு’ என்றும் முடிந்திருக்கும். அந்த ஜேஎன்எல் ஃபைல்தான் இங்கே முக்கியம். கையால் எழுதிய காலத்தில் பைண்ட் உங்கள் ஸோன் ஃபைலைப் படிக்க மட்டும்தான் செய்தது. தானியங்கி அப்டேட் வந்த பிறகு அது எழுத ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஸோன் ஃபைலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜர்னல் ஃபைலில் குறித்துக்கொள்ளும். பிறகு சுமார் 15 நிமிடத்துக்குள், ஒரு தற்காலிக ஃபைலில் ஸோன் முழுவதையும் புதிதாக எழுதி, அதற்குப் பழைய ஃபைலின் பெயரைச் சூட்டும். அதாவது அதற்குத் தேவைப்படுவது ஸோன் ஃபைலில் எழுதும் உரிமை மட்டும் இல்லை, அந்த ஃபோல்டரில் புது ஃபைல் உருவாக்கும் உரிமை. பலரும் ஃபைலுக்கு மட்டும் 666 கொடுத்துவிட்டு, இன்னும் ஏன் ஓடவில்லை என்று திகைப்பது இதனால்தான்.

நீங்கள் ஃபோல்டருக்கே 777 கொடுத்துவிட்டீர்கள். லினக்ஸ் பர்மிஷன் கணக்கு அத்தோடு தீர்ந்தது. அப்புறமும் ஓடாததற்குக் காரணம் ஆப்ஆர்மர். நீங்கள் ஃபைல் உருவாக்கியபோது ஓடியது ஏன், சர்வருக்கு ஓடாதது ஏன் என்ற புதிருக்கும் இதுதான் விடை. ஆப்ஆர்மர் யூசரைப் பார்ப்பதில்லை, புரோகிராமைப் பார்க்கிறது. பைண்ட் யூசராக நீங்கள் ‘டச்’ கமாண்ட் போட்டபோது ஓடியது ‘டச்’ என்ற புரோகிராம். அதற்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. நேம்டு ஓடும்போது அதற்கென எழுதிய ப்ரொஃபைல் (விதிப் பட்டியல்) கூடவே வருகிறது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் உங்கள் கடைச் சாவி உங்கள் கையில் இருந்தாலும், மார்க்கெட்டின் வெளி கேட்டைப் பூட்டிவிட்டால் கடைக்குள் போக முடியாது. 777 என்பது கடைக் கதவை அகலத் திறந்து வைப்பது மட்டும்தான்.

இதை ஊகமாக வைத்துக்கொள்ள வேண்டாம், கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆப்ஆர்மர் ஓடிக்கொண்டிருந்த நாளின் கெர்னல் லாக்கைத் தேடுங்கள். ‘ஆப்ஆர்மர்=டினைடு’ என்ற வரியில் ஆபரேஷன் ‘எம்கேநோட்’ என்றும், பெயர் என்ற இடத்தில் ஈடிசி பைண்ட் ஃபோல்டரில் உங்கள் ஸோனின் ஜேஎன்எல் ஃபைல் என்றும், கேட்ட உரிமை ‘சி’, மறுத்த உரிமை ‘சி’ என்றும் இருக்கும். அந்த ‘சி’ என்பது புது ஃபைல் உருவாக்குவது. எந்த ஃபைல், எந்தச் செயல், எந்தப் புரோகிராம் என்று ஒரே வரியில் எல்லாம் இருக்கிறது. தடுத்தவரே கையெழுத்துப் போட்டுத் தருவது இந்த வரியில்தான். பர்மிஷன் தகராறு என்று எது வந்தாலும் எதையும் மாற்றுவதற்கு முன் கெர்னல் லாக்கை ஒருமுறை பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டுவில் பைண்டுக்கான ஆப்ஆர்மர் ப்ரொஃபைலைத் திறந்து படியுங்கள், பெரிய ஃபைல் இல்லை. அதை எழுதியவர்கள் கமென்ட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள்: ஈடிசி பைண்ட் ஃபோல்டர் பைண்டுக்குப் படிக்க மட்டும். தானாக மாறும் ஸோன்களும் அவற்றின் ஜர்னலும் இருக்க வேண்டிய இடம் ‘வார் லிப் பைண்ட்’ ஃபோல்டர். வேறு சர்வரிலிருந்து நகலெடுத்து வைக்கும் ஸோன்களுக்கு ‘வார் கேஷ் பைண்ட்’ ஃபோல்டர். ஆகவே சர்வர் உங்களைப் பழிவாங்கவில்லை தம்பி, ஸோன் ஃபைல் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. அதை இடம் மாற்றினால் போதும், பர்மிஷனைத் தளர்த்த வேண்டிய தேவையே இல்லை.

ஆப்ஆர்மரின் லோக்கல் ஃபோல்டரில் ஒரு வரி சேர்த்து, ஈடிசி பைண்டிலேயே எழுத அனுமதி கொடுக்கும் வழியும் உண்டு. இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் கண்ணில் படும். நான் அதைச் சொல்லமாட்டேன். அந்த ஃபோல்டரில்தான் சர்வரின் கான்ஃபிகும் கீகளும் இருக்கின்றன. பைண்டில் நாளை ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு யாரோ உள்ளே புகுந்தால், சொந்தக் கான்ஃபிகையே மாற்றி எழுதும் உரிமை அந்தப் புரோகிராமிடம் இருக்கக்கூடாது.

வேலையைச் செய்யும் வரிசை முக்கியம். அவசரப்பட்டு ஆப்ஆர்மரை முதலில் ஆன் செய்துவிடாதீர்கள். இப்போது அது நின்றிருப்பதால் ஈடிசி பைண்டிலேயே ஜர்னல் உருவாகியிருக்கும். கடந்த சில நிமிடப் பதிவுகள் அதில் மட்டும் இருக்கலாம். முதலில் டிஹெச்சிபி சர்வீஸை நிறுத்துங்கள், புது அப்டேட் வருவது நிற்கட்டும். பிறகு, ஓடும் பைண்டுக்கு உத்தரவு கொடுக்கும் ‘ஆர்என்டிசி சிங்க்’ கமாண்டை ‘க்ளீன்’ ஆப்ஷனோடு கொடுங்கள். ஜர்னலில் இருப்பதெல்லாம் ஸோன் ஃபைலில் இறங்கி, ஜர்னல் அழிந்துவிடும். அடுத்து நேம்டை நிறுத்துங்கள். தானாக மாறும் ஸோன் ஃபைல்களை மட்டும் வார் லிப் பைண்டுக்கு நகர்த்தி, ஓனரும் குரூப்பும் பைண்ட், பர்மிஷன் 644 என்று வையுங்கள். நேம்டு.கான்ஃப்.லோக்கலில் அந்த ஸோன்களின் ஃபைல் பாதையை மாற்றி எழுதுங்கள். ‘நேம்டு-செக்கான்ஃப்’ ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் ஒன்று: அதை நீங்கள் ரூட்டாக ஓட்டுகிறீர்கள். எழுத்துப்பிழையை அது பிடிக்கும், பர்மிஷன் குறையைப் பிடிக்காது. அது ‘சரி’ என்றதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

இப்போது ஆப்ஆர்மரை மீண்டும் ‘என்ஃபோர்ஸ்’ (கட்டுப்பாடு அமலில் இருக்கும்) நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு நேம்டை ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நேம்டை அப்படியே விட்டுவிட்டு ப்ரொஃபைலை மட்டும் ஏற்றினால், பழைய ப்ராசஸ் கட்டுப்பாடு இல்லாமலே தொடரும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள், அடுத்த ரீபூட்டில் விழும். ‘ஏஏ-ஸ்டேட்டஸ்’ போட்டு, என்ஃபோர்ஸ் ப்ராசஸ் பட்டியலில் நேம்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. அப்புறம் ஒரு பொய்ப் பெயரை என்எஸ்அப்டேட்டில் சேர்த்து, ‘டிக்’ என்ற கமாண்டில் அந்தப் பெயரைக் கேட்டுப் பார்த்து, ‘ஆர்என்டிசி சிங்க்’ கொடுத்து, ஸோன் ஃபைலின் நேரம் மாறுகிறதா என்று பாருங்கள். அப்டேட் ஏற்கப்பட்டால் ஜர்னல் எழுத முடிகிறது. ஸோன் ஃபைல் மாறினால் தற்காலிக ஃபைலும் பெயர் மாற்றமும் நடக்கிறது. இரண்டும் நடந்தால்தான் முழுசாகச் சரி. அப்புறம் நிறுத்தி வைத்த டிஹெச்சிபியை ஸ்டார்ட் செய்யுங்கள்.

777 கொடுத்ததைத் திரும்ப எடுக்க வேண்டும். ஈடிசி பைண்ட் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தம், குரூப் பைண்ட், பர்மிஷன் 2755. உள்ளே இருக்கும் சாதாரணக் கான்ஃபிக் ஃபைல்கள் 644. கீ ஃபைல்கள் 640, அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வேண்டாம். உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கும் சேர்த்து 777 கொடுத்திருந்தால், அந்த நேரத்தில் கீ ஃபைலை அந்தச் சர்வரில் அக்கவுன்ட் உள்ள எவரும் படித்திருக்கலாம். லினக்ஸ் ப்ராக்டிக்கலுக்கு மாணவர்களுக்கு அதே சர்வரில் லாகின் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் கேள்வியே கேட்காமல் கீயை மாற்றிவிடுங்கள். ‘டி-சிக் கீஜென்’ ஒரு நொடியில் புது ஹெச்மேக்-ஷா256 கீ தரும். டிஎன்எஸ் பக்கமும் டிஹெச்சிபி பக்கமும் அதே பெயர், அதே ரகசியம் இருக்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் கையெழுத்து ஒத்துப்போகாது.

கீயை மாற்றும்போதே இன்னொன்றையும் செய்துவிடச் சொல்வேன். என்னைக் கேட்டால் இந்தப் பதிலிலேயே முக்கியமானது இதுதான். லேப் மெஷின்களின் பெயர்களும், தேர்வு சர்வர், பிரிண்ட் சர்வர், லைப்ரரி சர்வர் ஆகியவற்றின் பெயர்களும் இப்போது ஒரே ஸோனில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அவற்றைப் பிரித்துவிடுங்கள். லேபுக்கு என்று ஒரு துணை ஸோன் உருவாக்குங்கள். மாசி-07, ஆவணி-12 எல்லாம் அதில் பதியட்டும். அது மட்டும் வார் லிப் பைண்டில் இருக்கட்டும். சர்வர்களின் பெயர்கள் பழையபடி கையால் எழுதிய ஸோனில், ஈடிசி பைண்டில், யாராலும் தொட முடியாமல் இருக்கட்டும். அப்போது கீயே திருடு போனாலும் லேப் மெஷின் பெயர்கள்தான் குழம்பும், தேர்வு சர்வரை அசைக்க முடியாது. உள் வலைக்குப் பெயர் தேர்ந்தெடுக்கும்போது ‘.லோக்கல்’ வைக்காதீர்கள், அது எம்டிஎன்எஸ்ஸோடு (சர்வர் இல்லாமலே மெஷின்கள் ஒன்றையொன்று பெயர் கேட்கும் முறை) மோதும். தனிப்பட்ட வலைகளுக்கென்றே ‘.இன்டர்னல்’ என்ற பெயரை 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒதுக்கி வைத்துவிட்டது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அந்த லேப் ஸோனிலும் ‘அலவ்-அப்டேட்’ என்று மொத்தமாகக் கொடுக்காமல், ‘அப்டேட்-பாலிசி’ எழுதுங்கள்: இந்தக் கீக்கு, இந்த ஸோனுக்குள், ஏ ரெக்கார்டும் (பெயருக்கான ஐபி) டிஹெச்சிஐடி ரெக்கார்டும் (பெயர் யாருடையது என்ற அடையாளம்) மட்டும். ஒரே ஸோனில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் பைண்ட் ஏற்காது, எனவே பழைய வரியை எடுத்துவிடுங்கள். டிஹெச்சிபி கான்ஃபிகில் டிடிஎன்எஸ் ஸ்டைல் ‘இன்டரிம்’ என்று இருந்தால் அது டிஹெச்சிஐடிக்குப் பதில் டெக்ஸ்ட் ரெக்கார்டு எழுதும், பாலிசி மறுக்கும். ‘ஸ்டாண்டர்டு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் ஸோன் தனி ஸோன். இடம் மாற்றுவதும் பாலிசி எழுதுவதும் அதற்கும் தனியே செய்ய வேண்டும், அங்கே பிடிஆர் ரெக்கார்டு.

லாக்கில் கொட்டும் ‘அப்டேட் டினைடு’ வரிகளைப் பற்றி. ஒவ்வொரு வரியிலும் கேட்டவரின் ஐபி இருக்கும், அதைப் பாருங்கள். அவை டிஹெச்சிபி சர்வரின் ஐபியாக இருக்காது, லேப் மெஷின்களின் ஐபிகளாக இருக்கும். விண்டோஸ் மெஷின்கள் தங்கள் பெயரைத் தாங்களே டிஎன்எஸ் சர்வரில் பதிய முயலும். நெட்வொர்க் அடாப்டர் செட்டிங்கில் அதற்கான டிக் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். கீ இல்லாமல் கேட்கிறது, பைண்ட் மறுக்கிறது. சர்வர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 1997-இல் ஆர்.எஃப்.சி. 2136 என்ற இணைய வரையறை ஆவணம் வழியாக இந்தத் தானியங்கி அப்டேட் வந்தபோது இப்படிக் கீ கிடையாது. ஐபியை நம்பி அனுமதிப்பது ஆபத்து என்று தெரிந்துதான் 2000-இல் டி-சிக் வந்தது. ஐபியை மட்டும் பார்த்து அனுமதி கொடுத்தால் பைண்டே லாக்கில் ‘இது பாதுகாப்பில்லை’ என்று எச்சரிக்கும். லாக் நிறைவது தொந்தரவாக இருந்தால் விண்டோஸ் பக்கம் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், மாஸ்டர் இமேஜில் ஒருமுறை எடுத்தால் போதும். சர்வரைத் திறக்காதீர்கள்.

மாசி லேபில் சில மெஷின்கள் மட்டும் பதியாதது பர்மிஷன் பிரச்சினையே இல்லை என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்வேன். டிஹெச்சிபி சர்வரின் லாக்கில் அந்த மெஷின் பெயரைத் தேடுங்கள். ‘ஹேஸ் ஆன் அட்ரஸ் ரெக்கார்டு பட் நோ டிஹெச்சிஐடி, நாட் மைன்’ என்று இருக்கும். டிஹெச்சிபி ஒரு பெயரைப் பதியும்போது, இது யாருடையது என்று அடையாளம் வைக்க டிஹெச்சிஐடி ரெக்கார்டையும் கூடவே எழுதுகிறது. நீங்கள் முன்பு கையால் எழுதிய ரெக்கார்டுகளில் அந்த அடையாளம் கிடையாது. ‘இது நான் எழுதியதில்லை, யாரோ வேண்டுமென்றே எழுதியது, தொடமாட்டேன்’ என்று அது ஒதுங்கிக்கொள்கிறது. நல்ல குணம்தான் அது. மாசி லேபின் பழைய ஏ ரெக்கார்டுகளை என்எஸ்அப்டேட்டில் ஒவ்வொன்றாக நீக்குங்கள், அடுத்த லீஸ் (மெஷினுக்கு ஐபி கொடுத்த காலக்கெடு) புதுப்பிப்பில் பதிந்துவிடும். ஸோன் ஃபைலைத் திறந்து கையால் அழிக்க வேண்டாம். தானியங்கி ஸோனில் கை வைத்தால் ஜர்னலும் ஃபைலும் ஒத்துப்போகாமல், அடுத்த ரீஸ்டார்ட்டில் ஸோனே ஏறாமல் போகலாம். கை வைத்தே ஆகவேண்டும் என்றால் முன்னால் ஸோனை உறைய வைக்கும் ‘ஆர்என்டிசி ஃப்ரீஸ்’, பின்னால் அதை விடுவிக்கும் ‘ஆர்என்டிசி தா’ கமாண்ட்.

நீக்கிய பிறகும் ஓரிரண்டு மெஷின் அடம்பிடித்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒரே இமேஜை க்ளோன் செய்து பத்து மெஷினில் இறக்கிவிட்டு, பெயரை மாற்ற மறந்த மெஷின் ஏதாவது இருக்கும். அதே பெயரில் இரண்டாவது மெஷின் வந்தால் அடையாளம் ஒத்துப்போகாது, மறுக்கப்படும். இன்னொன்று டூயல் பூட். விண்டோஸில் எழுந்தால் ஒரு அடையாளம், உபுண்டுவில் எழுந்தால் வேறொரு அடையாளம் என்று ஒரே மெஷின் இரண்டு முகம் காட்டலாம். காலையில் சி ப்ராக்டிக்கலுக்கு உபுண்டு, மதியம் டேலி வகுப்புக்கு விண்டோஸ் என்று ஓடும் லேபில் இது சகஜம். எளிய தீர்வு, இரண்டு ஓஎஸ்ஸுக்கும் வெவ்வேறு பெயர் வைத்துவிடுவது.

கடைசியாகக் கரன்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து சர்வர்கள் எழுந்த மறுநாள் எல்லாமே நிற்கிறது என்றால், டிஎன்எஸ் சர்வரின் லாக்கில் ‘பேட்டைம்’ என்ற சொல்லைத் தேடுங்கள். டி-சிக் கையெழுத்தில் நேரமும் அடக்கம். அனுப்பியவரின் கடிகாரமும் வாங்கியவரின் கடிகாரமும் 300 வினாடிக்கு மேல் விலகியிருந்தால், கீ சரியாக இருந்தாலும் மறுப்புத்தான். கீழ்த்தளத்துப் பழைய மெஷினின் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கரன்ட் போனால் தேதி பின்னால் போய்விடும். அந்த வட்டப் பேட்டரியை முதலில் மாற்றுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

அதைவிட நுட்பமான கோளாறு ஒன்று இருக்கிறது, நம் ஊர் சர்வர்களில் அடிக்கடி பார்ப்பது. உபுண்டு சர்வரை நிறுவினால் டைம்ஸோன் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். யாரோ ஒருவர் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருப்பதைப் பார்த்து, டைம்ஸோனை மாற்றாமல், ‘டேட்’ கமாண்டில் நம் ஊர் நேரத்தைப் போட்டுவிடுவார். கண்ணுக்கு மணி சரியாகத் தெரியும். ஆனால் டி-சிக் பார்ப்பது யுடிசி நேரத்தை, அது இப்போது 19,800 வினாடி முன்னால் இருக்கிறது. இரண்டு சர்வர் முன்னாலும் நின்று கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ‘டைம்டேட்சிடிஎல்’ கொடுத்து, உள்ளூர் நேரத்தைப் பார்க்காமல் ‘யுனிவர்சல் டைம்’ வரியை இரண்டு சர்வரிலும் ஒப்பிடுங்கள். டைம்ஸோனை ஆசியா/கொல்கத்தா என்று வைத்துவிட்டு, நேரத்தை என்டிபியிடம் (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைப் பொருத்தும் முறை) விட்டுவிடுங்கள்.

கல்லூரி ஃபயர்வால் யுடிபி 123-ஐ வெளியே விடாமல் தடுத்திருந்தால் என்டிபி கிடைக்காது, அதைத் திறக்கச் சொல்லுங்கள். என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றை ஆதாரமாகக் கொண்ட சர்வர்களோடு நேரத்தைப் பொருத்த வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவே இருக்கிறது. ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்பவர் தயங்கினால் அதைக் காட்டுங்கள். டிஎன்எஸ் சர்வரில் க்ரோனி என்ற என்டிபி புரோகிராமைப் போட்டு, டிஹெச்சிபி மெஷினை அதையே பார்த்து நேரம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளி இணைப்பே அறுந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும், டி-சிக்குக்கு அதுவே போதும்.

ஐஎஸ்சி டிஹெச்சிபிக்கு 2022-ஓடு பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்திருப்பது அதே ஐஎஸ்சியின் கியா. ப்ராக்டிக்கலுக்கு முன்னால் அதில் கை வைக்காதீர்கள், செமஸ்டர் லீவில் மாற்றலாம். கியாவில் டிஎன்எஸ் அப்டேட் அனுப்புவதற்கென்றே ‘டி2’ என்று தனி சர்வீஸ் இருக்கிறது. இப்போது நீங்கள் உருவாக்கும் கீயும் பாலிசியும் துணை ஸோனும் அப்படியே அதற்கும் உதவும். இந்த ஞாயிறு வேலையில் எங்காவது நின்றால், நேம்டு லாக்கிலிருந்து அந்த அப்டேட்டின் வரிகளையும், அதே நிமிடத்துக் கெர்னல் லாக்கையும் சேர்த்து அனுப்புங்கள். கீயின் ரகசியத்தை மட்டும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.